போர்ட்டோவை ஒரே நாளில் நடந்து பார்ப்பது எப்படி?

போர்த்துக்கலின் வடக்கே, டோரு ஆறு அட்லாண்டிக்கில் கலக்கும் இடத்துக்குச் சற்று உள்ளே இருக்கிறது போர்ட்டோ. பழைய நகரம் சின்னது. சுமார் 5 கிலோமீட்டர் நடையில் முக்கியமானதெல்லாம் அடங்கிவிடும். ஆனாலும் முதல் தடவை போகிறவர்கள் பாதி நாளிலேயே களைத்துப்போகிறார்கள். காரணம் தூரமல்ல, ஏற்றம். நேராக ஆற்றங்கரைக்கு இறங்கிவிட்டு, அங்கிருந்து ஒவ்வோர் இடத்துக்கும் மூச்சு வாங்க ஏறுவதுதான் வழக்கமான தவறு. இந்த ஊரை மேலிருந்து கீழாகத்தான் பார்க்க வேண்டும். கீழே உள்ள வழி முழுக்க இந்த ஒரே விதிப்படி அமைந்தது.

கிளம்புமுன்

தெருக்கள் கருங்கல் பாவியவை. காலங்காலமாக ஆள் நடந்து தேய்ந்து வழவழப்பாகிவிட்ட கற்கள். லேசான தூறலிலேயே வழுக்கும், அதுவும் இறக்கத்தில் மோசம். பிடிப்புள்ள ரப்பர் அடியுடைய ஷூ கட்டாயம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை மழை அதிகம் என்பதால் மே, ஜூன், செப்டம்பர் மாதங்கள் நல்லவை. ஜூன் 23 இரவு சாவ் ஜுவாவ் திருவிழா. ஊரே தெருவில் இருக்கும். கொண்டாட்டத்துக்குப் போகலாம், நிதானமாகச் சுற்றிப் பார்க்க அந்த நாள் சரிப்படாது.

விமான நிலையத்திலிருந்து ஊதா நிற மெட்ரோ, அதாவது E வழி, திரிந்தாதே நிலையத்துக்கு நேரே வரும். இதற்கு 'அந்தாந்தே' என்ற அட்டை வாங்க வேண்டும். ஒருவருக்கு ஓர் அட்டை. ஒரே அட்டையை இருவர் தேய்க்க முடியாது. நிலையங்களில் பெரும்பாலும் தடுப்புக் கதவே இருக்காது. அதை நம்பி அட்டையைத் தேய்க்காமல் ஏறினால் பரிசோதகர் அபராதம் போடுவார். வழியில் வண்டி மாறும்போதும் மறுபடி தேய்க்க வேண்டும். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

போன் மேப்பை முழுதாக நம்பாதீர்கள். 300 மீட்டர் என்று அது காட்டுவது 300 மீட்டர் படிக்கட்டாக இருக்கலாம்.

படி 1: கார்மு தேவாலயமும் கிளேரிகுஷ் கோபுரமும்

திரிந்தாதேயிலிருந்து கார்மு தேவாலயம் கால் மணி நேரத்துக்குள் நடக்கும் தூரம். அதன் பக்கச் சுவர் முழுக்க நீல வெள்ளை டைல்ஸ், 1912இல் பதித்தவை. முன்பக்கம் வந்து பாருங்கள். ஒரே கட்டடம் போலத் தெரிவது உண்மையில் இரண்டு தேவாலயங்கள். நடுவில் ஒரு கதவும் அதற்கு மேல் சன்னல்களும் மட்டும் கொண்ட ஒல்லியான வீடு ஒன்று செருகியிருக்கிறது. கவனிக்காமல் தாண்டிப் போகிறவர்களே அதிகம்.

அங்கிருந்து சில நிமிட நடையில் கிளேரிகுஷ் கோபுரம். இத்தாலியிலிருந்து வந்த நிக்கோலாவ் நசோனி வடிவமைத்தது, 1763இல் கட்டி முடிந்தது. உயரம் 75 மீட்டர். ஒரு காலத்தில் ஆற்றுக்குள் நுழையும் கப்பல்களுக்கு இதுதான் அடையாளமாக இருந்தது. படிக்கட்டு மிகக் குறுகலானது. ஏறுகிறவரும் இறங்குகிறவரும் உடம்பை ஒடுக்கிக்கொண்டு வழிவிட வேண்டும். காலையில் திறந்தவுடன் போனால் நெரிசல் இல்லை. உச்சியில் நின்று ஆறு எந்தப் பக்கம், பாலம் எங்கே என்று பார்த்து வைத்துக்கொண்டால், அன்று முழுக்க திசை குழம்பாது.

படி 2: சாவ் பெந்து ரயில் நிலையம்

கோபுரத்திலிருந்து கிளேரிகுஷ் தெருவில் இறங்கினால் ஐந்தே நிமிடம். பழைய கன்னிமாடம் இருந்த இடத்தில் கட்டி 1916இல் திறந்த நிலையம் இது. முன்கூடத்தில் ஜோர்ஜ் கொலாசு வரைந்த சுமார் 20,000 டைல்ஸ். நுழைவுக் கட்டணம் கிடையாது.

1415இல் இளவரசர் ஹென்ரிக்கே வட ஆப்பிரிக்காவின் செயுத்தா நகரைப் பிடித்த காட்சியைத் தேடிப் பாருங்கள். அந்தப் படையெடுப்புக்குக் கப்பல்கள் இந்த ஊரில்தான் தயாராயின. நல்ல இறைச்சியெல்லாம் கப்பலுக்குக் கொடுத்துவிட்டு ஊர்க்காரர்கள் குடலை மட்டும் வைத்துக்கொண்டார்கள் என்பது வழிவழியாக வரும் கதை. வெள்ளைப் பயறோடு சேர்த்துச் சமைக்கும் குடல் கறி இன்றும் இந்த ஊரின் அடையாளச் சாப்பாடு.

படி 3: பேராலயமும் பாலத்தின் மேல் தளமும்

நிலையத்திலிருந்து சே பேராலயத்துக்கு ஒரு சின்ன ஏற்றம். தவிர்க்க வழியில்லை. 12ஆம் நூற்றாண்டில் தொடங்கிய கட்டடம். முகப்பைப் பார்த்து நின்றால் இடது கைப் பக்கக் கோபுரத்தில், கல்லில் செதுக்கிய பழங்காலக் கப்பல் ஒன்று தெரியும். கடவுளின் வீட்டிலும் கப்பலைப் பொறித்து வைத்த ஊர் இது. மொட்டை வெளியிலிருந்து கூரைகளையும் ஆற்றையும் பார்த்துவிட்டு, நேரே பாலத்துக்குப் போங்கள்.

முதலாம் லூயிஸ் பாலம் 1886இல் திறந்தது. வளைவின் அகலம் 172 மீட்டர். பாரிஸ் கோபுரத்தால் பேர்பெற்ற ஐஃபெல் கட்டியது என்று பலர் சொல்வார்கள், அது தவறு. வடிவமைத்தவர் ஐஃபெலின் முன்னாள் கூட்டாளி தியோஃபில் சேரிக். ஐஃபெல் நிறுவனம் கட்டியது ஆற்றின் மேல்பக்கம் உள்ள மரியா பியா பாலம், 1877.

லூயிஸ் பாலத்துக்கு இரண்டு தளங்கள். மேப்பில் அவை ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே கோடாகத் தெரியும். நீங்கள் எந்தத் தளத்தில் இருக்கிறீர்கள் என்று போனுக்குத் தெரியாது. "பாலத்தின் இந்த முனையில் சந்திப்போம்" என்று பேசிவிட்டு, ஒருவர் மேலேயும் ஒருவர் கீழேயும் நிற்பது அடிக்கடி நடக்கும். தளத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். மேல் தளத்தில் மெட்ரோ ஓடுகிறது, தண்டவாளத்துக்கும் நடைபாதைக்கும் நடுவே வேலி இல்லை. படம் எடுக்கப் பின்னால் நகரும்போது திரும்பிப் பாருங்கள். காற்றும் பலமாக அடிக்கும், தொப்பி பத்திரம்.

படி 4: கையா கரை

மறுகரை தனி நகராட்சி: விலா நோவா டி கையா. பாலம் முடிந்ததும் மோர்ரு பூங்கா. அங்கிருந்து கல் பாவிய சரிவுத் தெருவில் இறங்கலாம். முட்டி வலி உள்ளவர்களுக்கு கேபிள் கார் உண்டு.

கீழே துறையில் தட்டையான அடிப்பாகத்தோடு நிற்பவை ரபேலு படகுகள். மலைப்பகுதித் தோட்டங்களிலிருந்து ஒயின் பீப்பாய்களை ஆற்றின் சுழிப்பான ஓட்டத்தில் இவைதான் கொண்டுவந்தன. ரயிலும் பிறகு அணைகளும் வந்து அந்த வேலை நின்றது. அந்த ஒயினை வைக்கும் கிடங்குகள் ஏன் போர்ட்டோவில் இல்லாமல் இங்கே இருக்கின்றன? இந்தச் சரிவு வடக்கு நோக்கியது. வெயில் குறைவு, ஈரப்பதம் அதிகம். பீப்பாயில் வருஷக்கணக்கில் கிடக்க வேண்டிய ஒயினுக்கு அதுதான் வேண்டும்.

கிடங்கைச் சுற்றிக் காட்டும் நடை ஏறக்குறைய ஒரு மணி நேரம். குடிக்காதவர்களும் தாராளமாகப் போகலாம், பீப்பாய் வரிசைகளே பார்க்கத்தக்கவை. சுவைப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்கவும்: போர்ட் ஒயினில் ஆல்கஹால் பெரும்பாலும் 19 முதல் 22 சதவீதம். சாதாரண ஒயின் போல ஊற்றிக்கொண்டு கல் தெருவில் நடக்க முடியாது.

படம் எடுக்க மாலை நேரம் நல்லது. எதிரே போர்ட்டோவின் ஆற்றங்கரைப் பகுதியான ரிபெய்ரா தெற்கு நோக்கி இருப்பதால் மேற்கு வெயில் வீடுகளின் மேல் சாய்வாக விழும்.

படி 5: கீழ்த் தளம் வழியே ரிபெய்ரா

திரும்பும்போது கீழ்த் தளம். போர்ட்டோ பக்கத்தில், பாலத்தை ஒட்டித் தனியாக நிற்கும் இரண்டு கல் தூண்கள் 1843இல் திறந்த பழைய தொங்கு பாலத்தின் மிச்சம். அதற்கும் முன்பு படகுகளை வரிசையாகக் கட்டிய பாலம் இருந்தது. 1809 மார்ச் 29 அன்று நெப்போலியனின் படை ஊருக்குள் புகுந்தபோது, தப்பி ஓடிய மக்கள் கூட்டம் அந்தப் பாலத்தில் சிக்கி ஏராளமானோர் ஆற்றில் மாண்டார்கள். ரிபெய்ரா சுவரில் அந்தக் காட்சி வெண்கலப் புடைப்புச் சிற்பமாக இருக்கிறது. அதன் அடியில் இன்றும் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். செல்ஃபிக்கான இடம் அல்ல அது. ஒரு நிமிடம் அமைதியாக நின்றுவிட்டு நகருங்கள்.

ஆற்றை ஒட்டிய உணவகங்களில் நீங்கள் கேட்காமலே ரொட்டி, ஆலிவ், சீஸ் கொண்டுவந்து வைப்பார்கள். அது இலவசம் அல்ல. வேண்டாம் என்றால் தொடாமல் திருப்பி அனுப்பலாம். சைவம் சாப்பிடுபவர்கள் 'கால்டு வெர்டே' சூப்பைக் கீரை சூப் என்று நம்பிவிட வேண்டாம், பொதுவாக அதில் இறைச்சித் துண்டு மிதக்கும். காய்கறி சூப் கேளுங்கள்.

மேலே ஏற இரண்டு விதம். கொடேசால் படிக்கட்டு செங்குத்து. மவுசின்யு டா சில்வேரா தெரு சுற்று என்றாலும் மெல்லிய ஏற்றம். மூடப்பட்ட ஓர் ஓடையின் மேல் போட்ட தெரு அது, அதனால்தான் சாய்வு குறைவு. சாவ் பெந்துவில் கொண்டுபோய் விடும்.

நேரம் மிஞ்சினால்

சாவ் பிரான்சிஸ்கு தேவாலயத்தின் அருகே 1ஆம் எண் டிராம் கிளம்பி, ஆற்றோரமாகவே முகத்துவாரத்தின் பக்கம் போகிறது. அங்கே மணல் திட்டு பழங்காலம் முதல் கப்பல்களைக் கவிழ்த்த ஒன்று. வடக்கே லெய்ஷோய்ஷ் துறைமுகம் கட்டியதற்கு அதுவே பெரிய காரணம். ரிபெய்ராவில் இன்று சரக்குக் கப்பல் இல்லாததும் அதனால்தான். அலை பெரிதாக இருக்கும் நாளில் கலங்கரை விளக்கத்துக்குப் போகும் கல்பாலத்தில் ஏறாதீர்கள். டிராமில் இடம் குறைவு, கூட்டத்தில் பிக்பாக்கெட்டும் உண்டு; திரும்பி வர அதற்காகக் காத்திருக்க வேண்டாம், 500ஆம் எண் பேருந்தும் ஆற்றோரமாகவே ஊருக்குள் வரும்.