கல்லைக் கொட்டும் முன் தெற்கே பாருங்கள்

கரை அரித்துப் போன இடத்திலேயே நின்று காரணம் தேடுவதுதான் நாம் செய்யும் முதல் தவறு. நம் கிழக்குக் கரையில் காரணம் பெரும்பாலும் தெற்கே இருக்கும்.

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் மணலை வடக்கே தள்ளுகின்றன. வாடைக்காற்று அதில் ஒரு பங்கைத் தெற்கே திருப்புகிறது. கணக்குப் பார்த்தால், ஆண்டுதோறும் லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் வடக்கே போகிறது. அதற்குக் குறுக்கே எதை நீட்டினாலும் தெற்கில் மணல் சேரும், வடக்கில் குறையும். சென்னைத் துறைமுகச் சுவர்கள் எழுந்தபின் மெரினா அகன்றதும், ராயபுரம் பக்கம் கடல் உள்ளே வந்ததும் அப்படித்தான்.

புதுச்சேரியைப் பாருங்கள். 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். தெற்கே தேங்கும் மணலை எடுத்து வடக்கே விடவேண்டும் என்று திட்டத்திலேயே இருந்தது. அது ஒழுங்காக நடக்கவில்லை. கடற்கரைச் சாலைக்கு முன்னால் இருந்த மணல் போய், கருங்கல் வந்தது. சரி, கல் சாலையைக் காப்பாற்றியது, மறுக்க முடியாது. ஆனால் கல்லில் மோதித் திரும்பும் அலை அடிமணலையும் தோண்டிவிடும். கல் முடிகிற இடத்துக்கு வடக்கே அரிப்பு தொடங்கும். வைத்திக்குப்பம், சோலை நகர் என்று போய், மாநில எல்லை தாண்டி தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் வரைக்கும் அது நகர்ந்தது.

மணலைப் பிடிக்கத் தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) கேட்கும் மீனவர்களைக் குறை சொல்ல மாட்டேன். படகை ஏற்றி நிறுத்த அவர்களுக்கு மணல் வேண்டும். ஆனால் ஊருக்கு ஊர் தனித்தனியாகப் போட்டால், வடக்கே இருக்கும் அடுத்த குப்பமும் ஒன்று கேட்கத்தான் செய்யும்.

அளப்பதிலும் தவறு நடக்கிறது. கார்த்திகைப் புயலுக்கு மறுநாள் எடுத்த போட்டோவை வைத்து முடிவு செய்யக் கூடாது. புயல் இழுத்த மணலில் பெரும்பகுதி கரைக்குப் பக்கத்திலேயே நீருக்கடியில் மேடாகக் கிடக்கும்; கடல் அடங்கியதும் மெல்லத் திரும்பும். கோயில் சுவர் மாதிரி நகராத ஒன்றிலிருந்து நாடா பிடித்து, கடல் ஏற்றத்தின்போது பாசியும் கிளிஞ்சலும் ஒதுங்கும் கோடு வரை அளந்து எழுதி வையுங்கள். ஒவ்வோர் ஆண்டும் அதே மாதம், அதே இடம். சாட்டிலைட் படங்களை ஒப்பிடும்போதும் இதே கவனம் வேண்டும்.

அப்புறம், ரிசார்ட்டுக்குக் கடல் தெரியவேண்டும் என்று மணல்மேட்டைச் சமப்படுத்துவது. அடப்பங்கொடியும் ராவணன் மீசையும் குப்பைச் செடிகள் அல்ல. அந்த மேட்டைப் பிடித்து வைத்திருப்பவை அவைதான்.

புதுச்சேரித் தலைமைச் செயலகம் எதிரே மணல் திரும்பியதற்குக் கடலுக்கடியில் போட்ட ஆப்பு வடிவ இரும்புத் திட்டு மட்டும்தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அது மணலைப் பிடித்து நிறுத்த உதவும், உண்டாக்காது. முகத்துவாரத்தில் தூர்வாரிய மணலையும் அங்கே கொட்டினார்கள். அப்படி அள்ளும் மணலை லாரியில் ஏற்றி மனை நிரப்ப அனுப்பினால், எந்தத் திட்டுக்கும் பிடிக்க ஒன்றும் இருக்காது.