புரதத்துக்காகக் காய்கறி வாங்கும்போது செய்யும் தவறுகள்

ஹை புரோட்டீன் டயட் என்று முடிவெடுத்ததும் பலர் முதலில் வாங்குவது புரோக்கோலியும் காளானும். இரண்டும் நல்ல உணவுதான். ஆனால் 100 கிராமுக்கு ஏறக்குறைய 3 கிராம் புரதம்தான் தேறும். பாலக்கீரையிலும் கிட்டத்தட்ட அவ்வளவே இருக்கிறது, விலையும் குறைவு. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்குச் சாதாரணமாகவே தினம் 50 கிராம் புரதம் வேண்டும். அதைப் புரோக்கோலியிலேயே எடுப்பதென்றால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் சாப்பிட வேண்டும். கலோரிக்குக் கலோரி அது இறைச்சிக்குச் சமம் என்பவர்கள், 100 கலோரி புரோக்கோலி என்றால் கிட்டத்தட்ட 300 கிராம் என்பதைச் சொல்வதில்லை.

அடுத்தது முருங்கைக்கீரைப் பொடி. காய்ந்த இலையில் 100 கிராமுக்கு 25 கிராம் அளவுக்குப் புரதம் இருப்பது உண்மை. ஆனால் யார் 100 கிராம் பொடி சாப்பிடுகிறார்கள்? ஒரு டீஸ்பூனில் பிடிப்பது 3 கிராம் பொடி, அதில் புரதம் ஒரு கிராம்கூட இல்லை. பச்சைக் கீரையை நிறைய உருவிப் பொரியல் செய்வது எவ்வளவோ மேல். அதனால் எந்த எண்ணைப் படித்தாலும் அது காய்ந்ததற்கா பச்சைக்கா, வேகவைத்ததற்கா என்று பாருங்கள். பருப்புக்கும் இது பொருந்தும். வெந்த பருப்பில் பாதிக்கு மேல் தண்ணீர்தான்.

காய்கறிக் கடையில் புரதத்துக்காகவே வாங்கத் தகுந்தவை பச்சைப் பட்டாணி, பச்சை மொச்சை, துவரங்காய் போன்றவை. நாம் சாப்பிடுவது அவற்றின் விதையை என்பதுதான் காரணம். பட்டாணியில் 100 கிராமுக்கு 5 கிராமுக்கு மேல் இருக்கும். ஆனால் ஒரு கிலோ காயை உரித்தால் பாதிக்கும் குறைவாகவே மணி கிடைக்கும், கணக்குப் போடும்போது தோலையும் சேர்த்துவிடாதீர்கள். மொச்சையை அரைவேக்காட்டில் இறக்கக் கூடாது, வயிறு படுத்திவிடும்.

இதற்கு நேர்மாறான தவறு இன்னும் மோசமானது. காயில் புரதம் இல்லையே என்று அதை அடியோடு விட்டுவிட்டு முட்டை, பனீர், சிக்கன் என்றே ஓட்டுவது. ஒரு வாரத்தில் மலச்சிக்கல் வந்து நிற்கும். மூன்றிலும் நார்ச்சத்து இல்லை. சுரைக்காயும் கோஸும் தட்டில் இருப்பது புரதத்துக்காக அல்ல, மற்றது செரித்து வெளியேறுவதற்காக.

என்னைக் கேட்டால், காயையும் புரதத்தையும் பிரிக்காமல் சமைப்பதே சரி. பருப்பு உசிலியைப் பாருங்கள். துவரம்பருப்பை ஊறவைத்து, கொரகொரப்பாக அரைத்து, ஆவியில் வேகவைத்து உதிர்த்து, கொத்தவரங்காயோடு புரட்டுகிறோம். ஆளுக்கு 30 கிராம் பருப்பு போட்டால் ஒரு முட்டை அளவுக்கு, அதாவது 6 கிராமுக்குக் குறையாமல் புரதம் வந்துவிடும். நாரும் கூடவே வரும். கீரைக்கூட்டில் பாசிப்பருப்பைத் தாராளமாகப் போட்டாலும் இதே பலன்தான். பேருக்கு ஒரு ஸ்பூன் போடுவது போதாது. அப்புறம், தேங்காயைக் கூட்டினால் கூடுவது கொழுப்புதான், புரதம் அல்ல.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்தப் பக்கமே வர வேண்டாம். புரத அளவு மட்டுமல்ல, கீரையில் உள்ள பொட்டாசியமும் அவர்களுக்குச் சிக்கல். நாம் வீணாகும் என்று வடிக்காமல் வைக்கும் காய் வெந்த தண்ணீரை, அவர்களில் பலர் கொட்டித்தான் ஆக வேண்டும்.