பல அலுவலகங்களுக்கு ஒரே ஒப்பந்தம்: மலையகத்தில் துப்புரவு, காவல் சேவை எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலையகத்தின் சிறு நகரங்களில் பிரதேச செயலகம், வலயக் கல்விப் பணிமனை, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, தபாலகம் எல்லாம் பெரும்பாலும் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கும். இருந்தாலும் துப்புரவுக்கும் காவலுக்கும் ஒவ்வொன்றும் தனியாக விலைமனு கோரி, தனியாக மதிப்பீடு செய்து, தனியாக ஒப்பந்தம் போடும். இவற்றைச் சேர்த்து ஒரே ஒப்பந்தமாக எடுத்தால் விளம்பரச் செலவு குறையும், மதிப்பீட்டுக் குழுக்களின் நேரம் மிஞ்சும், வேலை கொஞ்சம் பெரிது என்பதால் நல்ல நிறுவனங்களும் போட்டிக்கு வரும். நல்ல யோசனைதான். செய்கிற விதத்தில்தான் பிழைக்கிறது. அந்தப் பிழையின் சுமை கடைசியில் விழுவது, காலை முதல் பஸ்ஸைப் பிடித்துத் தோட்டத்திலிருந்து வேலைக்கு வரும் துப்புரவுப் பெண்களின் தலையில். அதனால் சம்பளத்திலிருந்தே தொடங்குகிறேன்.

ஆகக் குறைந்த விலையை அப்படியே ஏற்பது

விலைமனுக்களைத் திறப்பதற்கு முன்பே மதிப்பீட்டுக் குழு ஒரு கணக்கைப் போட்டு வைத்திருக்க வேண்டும். தேசிய குறைந்தபட்ச மாத வேதனம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாயாகவும், 2026 ஜனவரியில் 30,000 ரூபாயாகவும் உயர்ந்தது. இந்த 30,000க்குத் தொழில்தருநர் கட்ட வேண்டிய ஊழியர் சேமலாப நிதி 12 சதவீதம், அதாவது 3,600. ஊழியர் நம்பிக்கை நிதியம் 3 சதவீதம், 900. மொத்தம் 34,500. லீவு போடும் நாளுக்கு மாற்று ஆள், சீருடை, துடைப்பம், கிருமிநாசினி, மேற்பார்வை, நிறுவனத்தின் இலாபம் எதுவும் இதில் சேரவில்லை. பெறுமதி சேர் வரி 18 சதவீதமும் தனி.

சரி, ஒரு நிறுவனம் ஆளுக்கு 33,000 என்று விலை போட்டால் மிச்சம் 1,500 எங்கிருந்து வரும்? சேமலாப நிதியைக் கட்டாமல் விடுவதிலிருந்து வரும். அல்லது பத்துப் பேர் என்று எழுதி எட்டுப் பேரை அனுப்புவதிலிருந்து வரும். தனி ஒப்பந்தத்தில் இது ஓர் அலுவலகத்தோடு நிற்கும். கூட்டு ஒப்பந்தத்தில் எல்லா அலுவலகத்தையும் ஒரே நேரத்தில் பிடிக்கும். எனவே விலையை ஒரே தொகையாக வாங்காதீர்கள். சம்பளம், நிதிப் பங்களிப்புகள், பொருட்கள், நிர்வாகச் செலவு, இலாபம் என்று பிரித்துக் கேளுங்கள். அந்தத் தொழிலுக்குச் சம்பள நிர்ணயச் சபையின் தீர்மானம் இருந்தால் அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சட்டப்படியான தொகைக்குக் கீழே இருக்கும் விலைக்கு எழுத்தில் விளக்கம் கேட்டு, திருப்தியில்லை என்றால் காரணத்தைப் பதிந்து நிராகரியுங்கள். கணக்காய்வு வரும்போது உங்களைக் காப்பதும் அந்தப் பதிவுதான்.

ஒப்பந்தக் காலத்தின் நடுவில் அரசாங்கம் வேதனத்தைக் கூட்டினால் என்ன செய்வது என்பதையும் முதலிலேயே எழுதி வைக்க வேண்டும். 2025 ஏப்ரலிலும் 2026 ஜனவரியிலும் நடந்ததுபோல ஒன்பது மாத இடைவெளியில் இரண்டு தடவை கூடலாம். விலைத் திருத்த வாசகம் இல்லாவிட்டால் நிறுவனம் வேலையை விட்டுப் போகும், இல்லையென்றால் சம்பளத்தில் கை வைக்கும்.

கொழும்பு மாதிரியை நகலெடுப்பது

கேள்விப்பத்திர ஆவணத்தை எங்கோ தாழ்நிலத்தில் பயன்படுத்தியதிலிருந்து எடுத்து, பெயரை மட்டும் மாற்றுவது பரவலான பழக்கம். ஹட்டன், வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பதுளை, வெலிமடைப் பக்கம் டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழை. மழை மாதத்தில் வேலை தூசு துடைப்பதோடு முடியாது. வாசலில் சேறு, வெளிப்படிகளில் பாசி, அடைத்த பீலி. பாசி பிடித்த படியில் வழுக்கி விழுவது ஓய்வூதியக் காரியமாக வந்த முதியவராக இருக்கும். இந்த வேலைகள், எந்தெந்த மாதங்களில் எத்தனை தடவை என்று ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியே எழுதப்பட வேண்டும்.

காவலும் அப்படித்தான். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனி படியும். ஆவணத்தில் சீருடை என்று அரைக்கைச் சட்டையை மட்டும் போட்டால், இரவுக் காவலுக்கு வருகிறவர் தன் சொந்தக் காசில் ஜாக்கெட் வாங்க வேண்டியிருக்கிறது. குளிர் அங்கி, மழை அங்கி, காற்றுப் புகாத காவல் கூடு என்று மூன்று வரி கூடுதலாக எழுதினால் போதும்.

பணம் ஓரிடம், பொறுப்பு ஓரிடமும் இல்லை

எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். பிரதேச செயலகமும் தபாலகமும் மத்திய அரசாங்கத்தைச் சேர்ந்தவை. வலயக் கல்விப் பணிமனையும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் மாகாணத்தின் கீழ். நகர சபைக்குத் தனி நிதி. இவற்றுக்கெல்லாம் ஒரே பில் வந்தால் யார் சான்றுப்படுத்துவது, எந்தக் கணக்காளர் வவுச்சர் போடுவது? ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பதில் பணம் தாமதமாகும், அப்புறம் சம்பளமும் தாமதமாகும்.

விலையையும் நிபந்தனைகளையும் நிர்ணயிக்கும் தலைமை ஒப்பந்தம் ஒன்று இருக்கட்டும். அதன் கீழ் ஒவ்வோர் அலுவலகமும் தன் பணியாணையைத் தானே கொடுத்து, தன் பில்லைத் தானே கட்டட்டும். தலைமை அலுவலகத்தில் ஒருங்கிணைக்க ஒருவர், ஒவ்வோர் அலுவலகத்திலும் தினமும் பார்த்துக் கையெழுத்திட ஒருவர், இருவரின் பதவியும் ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும்.

அந்த ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு சிறிய வேலை சொல்கிறேன். மாதம் ஒருமுறை எல்லா அலுவலகங்களின் வரவுப் பதிவேடுகளையும் ஒரே மேசையில் விரித்துப் பாருங்கள். ஒரே பெயர், ஒரே திகதி, கல்விப் பணிமனையில் காலை 7.30, பிரதேச செயலகத்திலும் காலை 7.30 என்று இருந்தால், ஓர் ஆளுக்கு இரண்டு இடத்தில் பணம் போகிறது. தனித்தனியாகப் பார்க்கும்போது இரண்டு பதிவேடுகளும் சரியாகவே இருக்கும். பில்லோடு, பெயர் விபரம் உள்ள சேமலாப நிதி 'சீ' படிவத்தின் பிரதியையும், பணம் கட்டிய ரசீதையும் கேளுங்கள். ஒரு மாதப் பங்களிப்பை அடுத்த மாத முடிவுக்குள் கட்ட வேண்டும் என்பதால், முந்தின மாதத்துக்குரியதைக் கேட்பது நியாயம். பதிவேட்டிலுள்ள பெயர்களும் படிவத்திலுள்ள பெயர்களும் பொருந்த வேண்டும்.

அளவுக்கு மீறிப் பெருக்குவது

மாவட்டம் முழுவதையும் ஒரே தொகுதியாக்கினால் வருடாந்தப் புரள்வு (வருடத்துக்கு இவ்வளவு வியாபாரம் செய்திருக்க வேண்டும் என்ற) நிபந்தனையிலேயே உள்ளூர் ஒப்பந்தக்காரர்கள் விழுந்துவிடுவார்கள். வெளியூர் நிறுவனம் எடுத்து, இங்கேயே ஒருவருக்கு உப ஒப்பந்தம் கொடுக்கும். நடுவில் போகும் தரகும் சம்பளத்திலிருந்துதான். பஸ் ஓடும் வழியைப் பார்த்துப் பிரியுங்கள்: ஹட்டன்–நோர்வூட்–மஸ்கெலியா ஒன்று, கொட்டகலை–தலவாக்கலை ஒன்று, நானுஓயா–நுவரெலியா ஒன்று. தகுதி நிபந்தனையைத் தொகுதியின் அளவுக்கு வையுங்கள்.

மொழியை மறக்கக் கூடாது. ஒப்பந்தம் எந்த மொழியில் இருந்தாலும் வேலைப் பட்டியலும் இரசாயனப் போத்தலின் அறிவுறுத்தலும் தமிழிலும் இருந்தாக வேண்டும். பிளீச்சிங் திரவத்தையும் அமிலம் கலந்த மலசலகூடத் திரவத்தையும் ஒன்றாக ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும்; காற்றோட்டமில்லாத சிறிய அறையில் அது நுரையீரலைத் தாக்கும். லேபலை வாசிக்க முடியாத பெண்ணிடம் இரண்டு போத்தலையும் கொடுத்துவிட்டு அவளைக் குறை சொல்ல முடியாது.

மண்சரிவில் வீதி மூடும் நாட்களுக்கும் ஒரு வாசகம் வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலையக வீதிகள் பல துண்டிக்கப்பட்டன. வர முடியாதவருக்கு அன்றைய சம்பளம் உண்டா, மாற்று ஆள் வராமல் இரண்டாம் நாளும் நின்ற காவலருக்கு மேலதிகக் கொடுப்பனவை யார் தருவது என்பதெல்லாம் வெயில் காலத்திலேயே முடிவாக வேண்டியவை. வேலைக் குறைவுக்கு நிறுவனத்திடம் அறவிடும் தண்டப் பணத்தை ஊழியரின் சம்பளத்தில் கழிக்கக் கூடாது என்றும் சேர்த்து எழுதுங்கள்.

ஒப்பந்தம் முடியும் கட்டத்தில் நடக்கும் தவறு யார் கண்ணிலும் படுவதில்லை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்து வருடம் பணியாற்றியவருக்கு, வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கும் தொகையான பணிக்கொடை உண்டு. நிறுவனம் அடிக்கடி மாறுவதால், ஒரே கட்டடத்தைப் பத்து வருடம் கூட்டித் துடைத்தவரும் ஐந்து வருடத்தைத் தொடாமலே போகிறார். அலுவலகம் இங்கே செய்யக்கூடியவை இரண்டு. புதிய கேள்விப்பத்திரத்தில், இப்போதுள்ள ஊழியர்களுக்கு முன்னுரிமை கொடுக்கும்படி கேட்கலாம். பழைய நிறுவனம் வேலையைச் சரியாக முடிப்பதற்கு உத்தரவாதமாகக் கொடுத்த செயலாற்றுகைப் பிணையை விடுவிக்கும் முன், கடைசி மாதச் சம்பளமும் சேமலாப நிதியும், உரியவர்களுக்குப் பணிக்கொடையும் கொடுத்து முடிந்ததா என்பதை நிறுவனத்தின் கடிதத்தோடு நிறுத்தாமல், ஊழியர்களையே கூப்பிட்டுக் கேட்டு உறுதிசெய்யலாம்.