லொறி ஏற்றும் முன்: மலையகத்தில் நிவாரணம் கொடுப்பவர்கள் விடும் பிழைகள்

மண்சரிவு என்று செய்தி வந்த மறுநாளே கொழும்பிலிருந்து லொறி கிளம்பிவிடுகிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கண்டி, நுவரெலியா, பதுளைப் பக்க மலைகளைச் சரித்தபோதும் பாதை திறந்த இடத்துக்கெல்லாம் சனங்கள் சாமான் கொண்டுவந்து இறக்கினார்கள். நல்ல மனசுதான், ஆனால் என்ன வேண்டும் என்று முதலில் ஒரு கோல் எடுத்துக் கேட்டவர்கள் குறைவு.

பழைய உடுப்பையே எடுங்கள். இங்கே முகாம் என்றால் பெரும்பாலும் பாடசாலை வகுப்பறைதான். மேசைகளைச் சேர்த்துப் போட்ட படுக்கை, ஜன்னல் கம்பியில் காயாத துணி. அதற்குள் வந்து விழுகிற மூட்டையைப் பிரித்தால் கோட்டு, பட்டன் போன சேட்டு, கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற சேலை, ஜோடியில்லாத சப்பாத்து. ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும், அப்புறம் அதை அள்ளிக் கொட்டுகிற வேலையும் அந்தச் சனங்களுக்கே. வேண்டியது புது உள்ளாடை, கம்பளி, நாப்கின், டோர்ச், மூடியுள்ள வாளி. பெண்கள் இதை ஆம்பிளைகளிடம் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆகவே போகிற கூட்டத்தில் பெண்களும் இருக்கட்டும்.

கைக்குழந்தைக்கென்று பால்மா பெட்டிகளை எல்லாருக்கும் பங்கிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் வெகுகாலமாகச் சொல்வது இது. போத்தல் அவிக்க அடுப்பில்லை, தண்ணீர் சுத்தமில்லை, வயிற்றோட்டம் வரும், தாய்ப்பாலும் குறையும். உண்மையிலேயே தேவைப்படும் பிள்ளை எது என்று மிட்வைஃபுக்குத் தெரியும், அவரிடம் கேளுங்கள்.

பெரிய பிழை நடப்பது பெயர்ப் பட்டியலில். தேயிலைத் தோட்ட ஒபிசில் கேட்டால், தோட்டத்தில் வேலை செய்கிறவர்களின் பெயர்ப் பதிவேடான செக்ரோலைப் பார்த்துப் பட்டியல் தருவார்கள், வந்தவர்களும் வேலை சுலபம் என்று வாங்கிக்கொள்வார்கள். ஆனால் இன்றைக்கு லயத்தில், அதாவது காம்பரா என்கிற அறைகளை வரிசையாகக் கட்டிய தோட்ட வீடுகளில், இருக்கிற எல்லாருமா கொழுந்து எடுக்கிறார்கள்? மகன் கொழும்பில் கடையில், மகள் கார்மண்டில், பக்கத்துக் காம்பராக்காரர் மரக்கறித் தோட்டத்தில் கைக்காசுக்கு, வேலையிலிருந்து நின்ற பாட்டி திண்ணையில். இவர்கள் யாரும் செக்ரோலில் இல்லை. அதுவும் போக, ஒரே காம்பராவில் தாய் தகப்பன், கல்யாணம் கட்டிய மகன், பிள்ளைகளோடு திரும்பி வந்த மகள் என்று மூன்று குடும்பம் இருக்கும், பட்டியலில் அது ஒரு வீடு, ஒரு பொதி. கதவை எண்ணாமல் அடுப்பை எண்ணுங்கள். முகாமுக்கே வராமல் தோட்டத்தின் அடுத்த டிவிசனில் சொந்தக்காரர் வீட்டில் ஒண்டியிருப்பவர்களும் இருக்கிறார்கள். லயத்துச் சனங்களிடமே விசாரித்தால் யார் யார் எங்கே என்று நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.

இன்னொன்று, பொதியைக் கொடுத்துவிட்டு கிராம சேவகரிடம் பதிந்தாயிற்றா என்று கேட்காமல் வருவது. ஐ.நா. அகதிகள் நிறுவனத்தின் கணக்குப்படி 2024 முடிவில் போர், வன்முறை போன்றவற்றால் உலகில் கட்டாயமாக இடம்பெயர்ந்திருந்தவர்கள் 123.2 மில்லியன், அதில் 73.5 மில்லியன் பேர் எல்லை தாண்டவே இல்லை, சொந்த நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவர்கள். காரணம் மண்சரிவானாலும், நம் லயத்துச் சனங்களும் சொந்த நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவர்கள்தான். 1951 அகதிகள் சமவாயம் இவர்களுக்குப் பொருந்தாது, ஐ.நா.வின் 1998 வழிகாட்டிக் கோட்பாடுகளின்படி முதல் பொறுப்பு சொந்த அரசாங்கத்துக்குத்தான். லொறி அரிசி முடிந்துவிடும், நட்டஈடோ வீடோ கேட்கப் பதிவு வேண்டும். படிவம் சிங்களத்தில் மட்டும் இருந்தால் கையெழுத்துக்கு முன் வாசித்துச் சொல்ல ஒருவரைக் கூட்டிப்போங்கள், நூடில்ஸ் பக்கெட்டை விட அது பெரிய உதவி.

தண்ணீரும் கழிப்பறையும் போட்டோவில் எடுபடாது, அதனால்தானோ என்னவோ யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. ஆளுக்கு நாளைக்கு 15 லீட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்பது நிவாரண வேலைக்கான ஸ்பியர் கையேட்டின் குறைந்தபட்ச அளவு. முகாமில் எண்ணிப் பார்த்துவிட்டு தண்ணீர் பவுசருக்கும், கழிப்பறைப் பக்கம் ஒரு பல்புக்கும் காசு கொடுங்கள். போட்டோ என்றதும் சொல்லிவிடுகிறேன், பொதியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பிள்ளையின் முகத்தைப் போடாதீர்கள், அது நாளைக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை.

அடுத்தது உயிர் போகிற விசயம். நாலு நாள் வெயில் அடித்ததும் 'லயத்துக்கே திரும்பலாமே' என்று பேச்சு வரும், உதவி செய்கிறவர்களும் கூரைத் தகரம் வாங்கிக் கொடுத்து அதே லயத்தைத் திருத்தி விடுவார்கள். மழை விட்டாலும் மலைக்குள் இறங்கிய தண்ணீர் உடனே வடியாது. நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கிளம்பிய ஊற்று, ஊற்றில் கலங்கல் தண்ணீர், இதில் ஒன்றைக் கண்டாலும் தள்ளிப்போக வேண்டும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அறிவிக்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று பல வருஷம் முன்பே எச்சரிக்கை இருந்தது, போக மாற்று இடம்தான் இல்லை. தப்பியவர்களுக்கு வீடு கிடைக்க ஏறக்குறைய 2 வருஷம் ஆனது. ஆகவே தகரத்துக்கு முன், அந்த இடத்தைப் பற்றி தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை என்ன சொல்கிறது என்று கேளுங்கள்.

சேர்த்த காசை முதல் வாரத்திலேயே முடித்துவிடாதீர்கள். முகாம் கலைந்த பிறகுதான் கொப்பி, சீருடை, சப்பாத்துச் செலவு வரும், மண்ணோடு போன பிறப்புச் சான்றிதழுக்கும் அடையாள அட்டைக்கும் அலைச்சல் தொடங்கும். பிரதேச செயலகத்துக்குப் போகிற ஒவ்வொரு நாளும் தோட்டத்தில் வேலை செய்கிற அம்மாவுக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும், பஸ் காசோடு அந்தச் சம்பளத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.