வீட்டிலிருந்து எழுதும் செமஸ்டர் தேர்வு: முதன்முறை நடத்தப்போகும் ஆசிரியர்களுக்கு

2020-இல், கொரோனா காலத்தில், இறுதியாண்டுத் தேர்வைச் செப்டம்பர் முடிவதற்குள் நடத்தியாக வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சொன்னபோது, ஆன்லைன் தேர்வு பல கல்லூரிகளுக்கு அவசரத்தில் வந்து சேர்ந்தது. இப்போது அந்த அவசரம் இல்லை, நிதானமாகத் திட்டமிடலாம். வேலூர்ப் பக்கத்துக் கல்லூரிகளில் இந்தப் பொறுப்பு முதன்முறையாகக் கைக்கு வரும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். கண்காணிப்பு மென்பொருள் எதை வாங்குவது என்பதெல்லாம் அப்புறம். மாணவர் கையில் இருக்கும் போனிலிருந்து தொடங்குங்கள்.

1. யாரிடம் என்ன இருக்கிறது?

தேர்வுக்கு ஒரு மாதம் முன்பே கேட்டுவிடுங்கள். போன் சொந்தமா, வீட்டுக்கே பொதுவா? தினமும் எவ்வளவு டேட்டா? மூன்று மணி நேரம் உட்கார இடம் உண்டா? இதைக் கூகுள் ஃபார்மில் கேட்டால், நெட் இல்லாத பிள்ளைகள்தான் முதலில் விடுபடுவார்கள். வகுப்பு ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் போன் போட்டுப் பேசுவதே சரி.

காட்பாடியில் வைஃபையோடு இருப்பவரும், ஒடுகத்தூர்ப் பக்கம் பீஞ்சமந்தை மலையில் சிக்னல் தேடி நடப்பவரும் ஒரே தேர்வைத்தான் எழுதப்போகிறார்கள். மலைக் கிராமப் பிள்ளைகளுக்குக் கல்லூரியிலேயே ஓர் அறை ஒதுக்குங்கள். காலைத் தேர்வு என்றால் அவர்கள் ஊர் பஸ் நேரத்தைக் கேட்டபின் அட்டவணை போடுங்கள்.

2. வினாத்தாளை மாற்றுங்கள்

பெரிய வேலை இதுதான். புத்தகத்தில் அப்படியே இருக்கும் பதிலைக் கேட்டுவிட்டு, புத்தகத்தைப் பார்க்காதே என்று கேமரா வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பார்த்தாலும் யோசித்தால்தான் எழுத முடியும் என்கிற மாதிரி கேளுங்கள்.

சுற்றுச்சூழல் பாடத்தை எடுத்துக்கொள்வோம். ‘மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை விளக்குக’ என்று கேட்டால் ஒரே பத்தி அறுபது விடைத்தாளில் வரும். பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகள் பற்றி 1996-இல் உச்ச நீதிமன்றம் தந்த வேலூர்த் தீர்ப்பை வினாத்தாளிலேயே சுருக்கமாகக் கொடுத்துவிடுங்கள். ‘இழுத்து மூடிவிட்ட ஒரு தொழிற்சாலை கெடுத்த கிணற்றுக்கு யார் ஈடு தர வேண்டும்? உங்கள் முடிவுக்குக் காரணம் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். ஆம்பூர், வாணியம்பாடிப் பிள்ளைகள் இதற்குத் தங்கள் தெருவிலிருந்தே பதில் எழுதுவார்கள்.

கணக்குப் பாடங்களுக்கு இன்னும் எளிய வழி உண்டு. ‘அசல் = 10,000 + உங்கள் பதிவெண்ணின் கடைசி இரண்டு இலக்கம் × 100’ என்று வைத்தால் 37-இல் முடிபவருக்கு அசல் 13,700, 52-இல் முடிபவருக்கு 15,200. வாட்ஸ்அப்பில் விடை சுற்றினாலும் எண் பொருந்தாது.

3. பதிவேற்ற நேரத்தைக் கணக்குப் போட்டு வையுங்கள்

கண்காணிப்புக்காக மூன்று மணி நேரம் வீடியோ ஓடினால் 1.5 ஜிபி தினசரி பேக் தீர்ந்துபோக வாய்ப்பு அதிகம். தீர்ந்தபின் வேகம் பல பேக்குகளில் 64 கேபிபிஎஸ் (நொடிக்கு 64 கிலோபிட்) ஆகிவிடும். விடைத்தாள் 25 பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சும்மா போட்டோவாக எடுத்தால் 80 எம்பி வரை போகும். அதை அந்த வேகத்தில் அனுப்ப இரண்டே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஸ்கேன் ஆப்பில் கருப்பு வெள்ளையாக எடுத்து 10 எம்பிக்குள் அடக்கினால் ஏறக்குறைய 21 நிமிடம்.

அதனால் மூன்று விதி. ஸ்கேன் ஆப் கட்டாயம். பதிவேற்ற 30 நிமிடம் தனியாக. வீடியோவைக் குறைந்த தரத்தில் வைக்கச் சொல்லுங்கள், டேட்டா குறைவானவர்களுக்குத் தொடர் வீடியோவே வேண்டாம். எல்லாப் பக்கத்திலும் பதிவெண்ணும் பக்க எண்ணும் இருக்கட்டும்.

மாதிரித் தேர்வை ஒருமுறை இதே நேரத்தில், இதே ஆப்பில், உண்மையாகவே நடத்துங்கள். கத்திரி வெயிலில் பிற்பகல் கரண்ட் போகும், போன் சூடாகி அணையும். அதெல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும்.

4. தேர்வு நாள்

ஒரு கண்காணிப்பாளருக்கு 20 பேருக்கு மேல் வேண்டாம், அதற்குமேல் ஒருவரால் கவனிக்க முடியாது. போனைப் புத்தக அடுக்கின்மேல் பக்கவாட்டில் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள். முகம் முழுசாகத் தெரிய வேண்டியதில்லை. எழுதும் கையும் தாளும் தெரிந்தால் போதும். ஹால் டிக்கெட்டைத் தொடக்கத்தில் ஒருமுறை காட்டினால் சரி.

வீட்டைச் சுற்றிக் காட்டச் சொல்லாதீர்கள். குடியாத்தத்தில் ஒற்றை அறை வீட்டில் அம்மா பீடி சுற்றிக்கொண்டிருப்பார், தம்பி குறுக்கே ஓடுவான். அது முறைகேடு இல்லை. கண்காணிப்பு மென்பொருள் அதைச் சந்தேகமாக எடுத்துச் சிவப்புக் குறி போடும். குறியை வைத்து யாரையும் தண்டிக்கக் கூடாது. ஆசிரியர் ஒருவர் பதிவைப் பார்க்க வேண்டும், மாணவரிடம் கேட்க வேண்டும், அதன்பிறகுதான் முடிவு.

இணைப்பு அறுந்தால் என்ன செய்வது என்பதை முந்தைய வாரமே எழுதிக் கொடுத்துவிடுங்கள்: பதறாமல் எழுதிக்கொண்டே இரு, நெட் வந்ததும் சேர்ந்துகொள், வரவில்லை என்றால் இந்த எண்ணுக்குக் கூப்பிடு. அந்த எண்ணில் பேசுபவருக்கு அன்று வேறு வேலை தரக் கூடாது. வினாத்தாளை முன்கூட்டியே தரவிறக்கிக்கொள்ள 10 நிமிடம் கொடுங்கள்.

மாற்றுத்திறனாளி மாணவருக்கு மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு, அதாவது மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி. மூடில் (Moodle) போன்ற ஆன்லைன் தேர்வுத் தளத்தில் இதை அவர் பெயருக்குத் தனியாக அமைக்க வேண்டும். மறந்தால் எழுதிக்கொண்டிருக்கும்போதே தேர்வு மூடிக்கொள்ளும்.

5. தேர்வு முடிந்தபின்

அன்று மாலையே ஒவ்வொரு கோப்பையும் திறந்து பாருங்கள். திறக்காத கோப்பும் தலைகீழான பக்கமும் அன்றே தெரிந்தால் மாணவரிடம் அசல் தாள் இருக்கும், திரும்ப வாங்கிவிடலாம். விடைத்தாளைப் பத்திரமாக வைத்திருக்க முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

சந்தேகம் வந்தவர்களோடு சேர்த்து, குலுக்கலில் வந்த சிலரிடமும் ஐந்து நிமிடம் வாய்மொழியாகக் கேளுங்கள். அவர்கள் எழுதிய விடையிலிருந்தே கேட்க வேண்டும், புதிதாக ஒரு தேர்வு வைக்கக் கூடாது. வீடியோப் பதிவை யார் பார்க்கலாம், எந்தத் தேதியில் அழிப்பது என்பதைத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் எழுத்தில் தர வேண்டும். தேதி வந்ததும் ஆசிரியர்களின் சொந்த போன்களில் கிடக்கும் நகல்களையும் சேர்த்து அழித்துவிடுங்கள்.