சிரோசிஸ் நோயாளிக்கு ரத்த வாந்தி: ஷண்ட் பற்றி முடிவெடுக்கும் முன் வீட்டார் செய்ய வேண்டியவை

வீட்டில் சிரோசிஸ், அதாவது ஈரல் தழும்பேறிச் சுருங்கும் நோய், உள்ள ஒருவர் ரத்த வாந்தி எடுத்தால் முதலில் 108-ஐக் கூப்பிடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். வண்டி வரும்வரை இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள், ரத்தம் மூச்சுக்குழாய்க்குள் போகாமல் இருக்கும். தண்ணீர், மோர், மாத்திரை எதையும் வாயில் கொடுக்க வேண்டாம். வாந்தி வராமல் மலம் மட்டும் தார் மாதிரி கறுப்பாகப் போனாலும் அதுவும் ரத்தம்தான். காசிமேட்டில் என் மாமாவுக்கு அப்படிப் போனபோது இரும்புச்சத்து மாத்திரையால்தான் என்று நினைத்து ஒரு நாள் முழுக்க வீட்டிலேயே வைத்திருந்தோம், அதை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

தெருமுனை கிளினிக்கில் ஒரு ஊசி போட்டுப் பார்ப்போம் என்று நிற்காதீர்கள். எண்டோஸ்கோப்பியும் (வாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பார்ப்பது) ரத்த வங்கியும் உள்ள இடம்தான் வேண்டும். வடசென்னையில் ராயபுரம், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைக்காரர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கம். எண்ணூர், திருவொற்றியூரிலிருந்து வருகிறவர்கள் கன்டெய்னர் லாரி நெரிசலையும் கணக்கில் வைத்து உடனே கிளம்பிவிட வேண்டும்.

அங்கே ரத்தக்குழாய் அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தையும் ஆன்டிபயாடிக்கையும் ஏற்றி, 12 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோப்பி செய்து, உணவுக்குழாயில் புடைத்து நிற்கும் நாளங்களுக்கு ரப்பர் பேண்டு போடுவார்கள். இந்த நேரத்தில் "இன்னும் நாலு பாட்டில் ரத்தம் ஏற்றுங்கள்" என்று டாக்டரிடம் சண்டை போடாதீர்கள். ஹீமோகுளோபின் 7, 8 அளவில் நின்றால் பெரும்பாலும் போதும், அதற்கு மேல் ஏற்றினால் அழுத்தம் கூடி மறுபடி உடையலாம்.

பெரும்பாலானவர்களுக்கு 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை பேண்டும், கூடவே அழுத்தம் குறைக்கும் புரோபிரனலால் அல்லது கார்வெடிலால் மாத்திரையும் போதும். அதையும் மீறி ரத்தம் வந்தால்தான் ஷண்ட் பேச்சு வரும், சிலருக்கு மட்டும் முதல் 72 மணி நேரத்திலேயே டிப்ஸ் என்ற ஒருவகை ஷண்ட் செய்யலாம் என்பார்கள். குடலிலிருந்து ஈரலுக்குப் போகும் ரத்தம், தழும்பேறிய ஈரலுக்குள் நுழைய முடியாமல் தேங்குகிறது, அந்த அழுத்தத்தில்தான் உணவுக்குழாய் நாளங்கள் புடைத்து உடைகின்றன; தேங்கும் ரத்தத்துக்கு ஒரு மாற்றுவழி போடுவதுதான் ஷண்ட். இப்போது அதிகம் செய்வது டிப்ஸ்: கழுத்து ரத்தநாளம் வழியாகக் குழாயை இறக்கி, ஈரலுக்குள்ளேயே ஸ்டென்ட் (சின்னக் கம்பிவலைக் குழாய்) வைப்பார்கள், வயிற்றைத் திறப்பதில்லை. அறுவை ஷண்ட்டில் வயிற்றைத் திறந்து நாளங்களை இணைக்கிறார்கள். 1967-ல் வாரன் என்ற அமெரிக்க சர்ஜன் அறிவித்த முறையில் மண்ணீரல் நாளத்தை வெட்டி இடது சிறுநீரக நாளத்தோடு சேர்ப்பார்கள், ஈரலுக்குப் போகும் மற்ற ரத்தத்தைத் தொடுவதில்லை. ஈரல் ஓரளவு நன்றாக வேலை செய்கிறவர்களுக்கே அது பொருந்தும்.

ஆகவே டாக்டரிடம் முதல் கேள்வி: "இவருக்கு சைல்டு ஸ்கோர் எவ்வளவு?" பிலிருபின், அல்புமின், ரத்தம் உறையும் நேரம், வயிற்று நீர், மனத்தெளிவு ஐந்தையும் பார்த்துப் போடும் மதிப்பெண் அது. 5, 6 என்றால் ஏ, 10-ம் அதற்கு மேலும் சி, அதாவது ஈரல் ரொம்ப மோசம். சி-யில் பெரிய அறுவை ரொம்ப ஆபத்து. அடுத்து, மாற்று ஈரல் சிகிச்சைக்கு இவரைப் பதிவு செய்யலாமா, இந்த ஷண்ட் பின்னால் அதற்கு இடைஞ்சலாகுமா என்று கேளுங்கள், ஏனென்றால் ஷண்ட் ரத்தத்தை நிறுத்துமே தவிர ஈரலைக் குணமாக்காது. முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தால் சேரும் நாளிலேயே காப்பீட்டு கவுன்ட்டரில் காட்டிவிடுங்கள், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு.

வீட்டுக்கு வந்த பிறகு சாராயம் அறவே கூடாது. வயிற்றில் நீர் இருந்தால் கருவாடும் ஊறுகாயும் நிறுத்த வேண்டும். எங்கள் பக்கம் கருவாடு இல்லாத சோறு கஷ்டம்தான், ஆனாலும் நிறுத்தத்தான் வேண்டும். மூட்டை தூக்கி முதுகு வலித்தால் டைக்ளோஃபெனாக், புரூஃபென் வாங்கிப் போடக் கூடாது.

ரொம்பக் கவனிக்க வேண்டியது மூளையைத்தான். ஷண்ட் வழியாக ரத்தம் ஈரலைத் தாண்டிப் போவதால், ஈரல் வடிகட்ட வேண்டிய அம்மோனியா மூளைக்குப் போய்க் குழப்பம் வரும். பகலில் தூங்கி ராத்திரி விழித்திருப்பது, நீட்டிய கை படபடவென்று ஆடுவது, பேச்சு குழறுவது எல்லாம் அறிகுறி. லாக்டுலோஸ் சிரப்பை ஒரு நாளைக்கு 2, 3 முறை இளக்கமாக மலம் போகும்படி கொடுங்கள், மலச்சிக்கல் விடவே கூடாது. மாமாவிடம் தினமும் காலையில் ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கினேன்; ஒரு வெள்ளிக்கிழமை எழுத்து கோணிக்கொண்டு வரியை விட்டு இறங்கியிருந்தது, அன்றே ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போனோம்.