கிளாஸ்ல சாதி பத்தி பேச்செடுக்குறீங்களா, நான் பண்ண தப்ப பண்ணாதீங்க

ப்ளஸ் ஒன் பசங்ககிட்ட மண்டேலா 27 வருசம் ஜெயில்ல இருந்தாரு, 1955ல ரோசா பார்க்ஸ் பஸ்ல சீட்ட விட்டு எந்திரிக்க மாட்டேன்னு உக்காந்தாங்கன்னு சொல்லிப் பாருங்க, கிளாஸே கொதிக்கும். கடைசி பெஞ்சு வரைக்கும் கை தூக்குவாய்ங்க. அப்டியே "சரிப்பா, நம்ம ஊர்ல?"ன்னு கேளுங்க. ஃபேன் சத்தம் மட்டும்தான் கேக்கும். நிறவெறியில ஆரம்பிக்கிறது தப்பில்ல, அங்கிட்டே நின்னுட்டு பாடம் முடிஞ்சிருச்சுன்னு சாக்பீஸ கீழ வைக்கிறதுதான் தப்பு. உசிலம்பட்டி பக்கம் வாத்தியாரா இருக்கேன், இதை நானும் ரொம்ப நாள் பண்ணேன்.

அதைவிட மோசமா ஒண்ணு பண்ணிருக்கேன். காலனி பையன் ஒருத்தன், நல்லா பேசுவான், நானா போயி "நீ சொல்லுப்பா, உங்க பக்கத்து ஆளுகள எப்டி நடத்துறாங்க"ன்னு கேட்டுட்டேன். நல்ல மனசோடதான் கேட்டேன். மொத்த தலையும் அவன் பக்கம் திரும்புச்சு. காம்பஸ் முள்ளால பெஞ்ச கீறிக்கிட்டே "ஒண்ணுமில்ல சார்"னான், அடுத்த ரெண்டு நாள் ஸ்கூலுக்கே வரல. ஒரு புள்ளைய அவன் சாதி மொத்தத்துக்கும் பதில் சொல்ல வைக்காதீங்க. சர்க்குலர் வந்ததும் "எஸ்சி பசங்க எந்திரிங்கடா, ஸ்காலர்ஷிப் ஃபார்ம்"னு கத்துறோமே, அதுவும் இதேதான், காலையில அப்டி எந்திரிக்க வச்சுட்டு மத்தியானம் சமத்துவம் பேசுனா எவன் நம்புவான்?

"இப்பல்லாம் யாருப்பா சாதி பாக்குறா, எல்லாரும் ஒண்ணு"ன்னு முடிச்சுவிடுறதும் வேணாம். தீண்டாமை ஒரு பாவச்செயல்னு புக்கோட முன்பக்கத்துல ஒண்ணாப்புல இருந்து பாக்குறாய்ங்க, ஒரு நாள் அந்த மூணு வரிய வாசிக்கச் சொல்லி, இதை எதுக்குப்பா இன்னும் அடிக்கிறாங்கன்னு மட்டும் கேட்டுப் பாருங்க.

அடுத்தது, ஒரு பக்கத்துப் பசங்கள குற்றவாளிக் கூண்டுல ஏத்துறது. ஏத்துனா காது அடைச்சுக்கும், வீம்புதான் மிஞ்சும். எங்க பக்கம் பெருங்காமநல்லூர் கதை எல்லாருக்கும் தெரியும், 1920 ஏப்ரல் 3, ரேகைச் சட்டத்த எதுத்ததுக்காக பிரமலைக் கள்ளர் 16 பேர போலீஸ் சுட்டுக் கொன்னுச்சு. பொறப்ப வச்சே ஒரு கூட்டத்த குற்றப் பரம்பரைன்னு எழுதுன சட்டம் அது. அதைப் பேசிட்டு, "பொறப்ப வச்சு திருடன்னு சொன்னது அநியாயம்னா, பொறப்ப வச்சு தொடாதன்னு சொல்றது?"ன்னு கேட்டுட்டு நான் வாய மூடிக்கிட்டேன். முறுக்கிக்கிட்டு உக்காந்திருந்த பயதான் மொதல்ல பேசுனான். ஆனா யாருக்கு வலி ஜாஸ்திங்கிற போட்டியா மட்டும் இழுத்து விட்றாதீங்க, ரெண்டும் ஒண்ணு கிடையாது, அதையும் சொல்லணும்.

மேலூர் பக்கம் வேலை பாக்குறவங்க எடுத்த எடுப்புல 1997 மேலவளவு சாதிக் கொலைகளுக்குப் போகாதீங்க. செத்தவங்க சொந்தமும் ஜெயிலுக்குப் போனவங்க சொந்தமும் ஒரே பெஞ்சுல உக்காந்திருக்கலாம், கொஞ்சம் பழகுனப்புறம் பேசலாம். மொதல்ல 1939 ஜூலை 8 எடுங்க, தீண்டாமைய எதுத்த வைத்தியநாத ஐயர் கூட்டிட்டுப் போக, அதுவரைக்கும் உள்ள விடாத மீனாட்சி கோயிலுக்குள்ள போனவங்கள்ல கக்கனும் ஒருத்தர், தும்பைப்பட்டிக்காரர், நம்ம மேலூர் பக்கம்தான், பின்னாடி மந்திரியாவே ஆனாரு. பசங்களுக்கு பஸ் ஏறிப் போயி பாத்துட்டு வர்ற தூரம்.

சாதிய காட்ட கலர் கலரா கட்டிக்கிறாய்ங்களே, அந்தக் கைக்கயிறு விசயம். நாங்குநேரில சாதிய வச்சு ஒரு பையன கூடப் படிச்சவங்களே வெட்டுன சம்பவத்துக்கப்புறம் போட்ட நீதியரசர் சந்துரு கமிட்டி 2024ல கலர் கயிறு கட்டத் தடை போடணும்னு சொல்லிருக்கு, சரிதான், ஆனா எல்லார் முன்னாடியும் கத்திரிய எடுத்து நறுக்குனா மறுநாள் அதே கலர்ல பேனா மூடி வரும், நான் பாத்திருக்கேன். தனியா கூப்பிட்டு யாரு கட்டிவிட்டா, எதுக்குன்னு கேளுங்க. பாதிப் பேருக்கு அண்ணன் கட்டிவிட்டதுங்கிறதத் தவிர வேற பதில் இருக்காது.

பேச்சுல எவனாவது சாதி பேரச் சொல்லி வஞ்சா சிரிச்சு மழுப்பாதீங்க, அந்த எடத்துலயே நிறுத்துங்க.

அப்புறம் பீரியடு. இந்த மாதிரி பேச்ச கடைசி பீரியடுல வைக்கவே வைக்காதீங்க, பாதியில பெல் அடிச்சா மிச்சத்த ஊருக்குப் போற டவுன் பஸ் படிக்கட்டுல பேசி முடிப்பாய்ங்க. ரெண்டாவது பீரியடு நல்லது, இன்டர்வெல்லுக்கு முன்னாடி பத்து நிமிசம் மிச்சம் வச்சு நிறுத்திருங்க.